ஏர்வாடி: விசாரிக்கப்படாத 28 பேர்

2001 ஓகஸ்ட் 6, திங்கட்கிழமை. அப்போது நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி மாணவனாக இருந்தேன். அன்றிரவு விடுதியில் இருந்த சிறிய வானொலிப் பெட்டியில் அந்தச் செய்தியைக் கேட்டோம். தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடி தர்காவை அண்டி இயங்கிய ஒரு மனநோயாளர் விடுதியில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். முதலில் 25 பேர் என்றார்கள். பின்னர் அந்தத் தொகை 28 ஆயிற்று.

செய்தி முடிந்ததும் அறையில் பெரிய வாக்குவாதம் மூண்டது. "தர்காவுக்குப் போனால் இப்படித்தான், இது ஷிர்க்கின் கூலி" என்றார் ஒருவர். "அவ்லியாக்களைக் குறை சொல்ல உங்களுக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது" என்று மற்றவர் பாய்ந்தார். கிதாபுகளின் பெயர்கள் வந்தன, ஹதீஸ்களின் இலக்கங்கள் வந்தன. இரண்டு மணி நேரம் பேசியும், இறந்து போனவர்கள் யார், அவர்களைக் கட்டியது யார், திறப்பு எங்கே இருந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது. எனக்கு என் சாச்சாவின் ஞாபகம் வந்துவிட்டது.

வாப்பாவின் தம்பி அவர். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்தை அண்டியது எங்கள் பொல்பிட்டிய. அங்கே முஸ்லிம் குடும்பங்கள் சிலவே. ஆகவே ஒரு வீட்டு விஷயம் எல்லா வீட்டு விஷயமும்தான். இருபத்தைந்து வயதளவில் சாச்சாவுக்கு மனம் குழம்பியது. இரவில் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விடுவார். ஒருமுறை பவர் ஹவுஸ் வேலி ஓரத்திலிருந்து பிடித்து வந்தார்கள். அதன்பின் மூத்தம்மா அவரைப் பின்னறையில் வைத்து, காலில் மாட்டுச் சங்கிலி போட்டுக் கட்டிலோடு பூட்டினார். கொடுமை செய்ய வேண்டும் என்று அல்ல. பிள்ளை ஆற்றோடு போய்விடக்கூடாதே என்றுதான். திறப்பு மூத்தம்மாவின் தலைமாட்டு ஆணியில் தொங்கும்.

நான் ஆறாம் ஆண்டு படித்த காலத்தில், அடைமழை இரவொன்றில் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தது. எல்லாரும் போட்டது போட்டபடி மேல் ரோட்டுக்கு ஓடினோம். பிள்ளைகளை எண்ணினார்கள், கோழிகளைக்கூட யாரோ நினைத்தார்கள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் மூத்தம்மா, "திறப்பு" என்று கத்தினார். அறுபது கடந்த அந்த மனுஷி சேற்றில் இறங்கித் திரும்பிப் போய், சாச்சாவை அவிழ்த்துக் கூட்டி வந்தார். பின்னறையின் சுவர் விடிவதற்கு முன் விழுந்தது.

மறுவாரம் வாப்பா சாச்சாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். கிளினிக், ஊசி, மாத்திரை என்று ஆண்டுகள் போயின. சாச்சா ஒரு கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்து வாழ்ந்து, தன் கட்டிலில் படுத்து மௌத்தானார். அவரைக் காப்பாற்றியது திறப்பு இருக்கும் இடத்தை அறிந்த ஒருவர் திரும்பிப் போனதுதான். ஏர்வாடியில் அப்படி ஒருவர் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இல்லாமையைப் பற்றியது.

*

ஏர்வாடி நமக்குத் தூரத்து ஊர் அல்ல. கீழக்கரைக்கு அருகே, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது. மதீனாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் குத்புஸ் ஸுல்தான் செய்யித் இப்ராஹீம் ஷஹீத் அவர்களின் அடக்கஸ்தலம் அங்கே உள்ளது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் நம் முன்னோரில் பெருந்தொகையானோரைத் தடுத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பிய மண்டபம் முகாமும் அதே இராமநாதபுரச் சீமையில்தான் இருந்தது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அது இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. அந்தக் கப்பல் ஓடிய நாட்களில் நாகூருக்கும் ஏர்வாடிக்கும் நேர்ச்சை வைத்துப் போய் வந்தவர்களை நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவு வைத்திருந்தார்கள்.

தர்காவின் தண்ணீரும், அங்கே எரியும் விளக்கின் எண்ணெயும் மனக்குழப்பத்தைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. முஸ்லிம்கள் மட்டும் அங்கே போகவில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் போனார்கள். நோயாளி அங்கேயே தங்கி, கனவில் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். உத்தரவு வந்தால் வீடு திரும்பலாம். இரண்டு மாதத்திலும் வரலாம், பல வருடமும் ஆகலாம்.

இந்தக் காத்திருப்பில்தான் விடுதிகள் முளைத்தன. குடும்பத்தார் எத்தனை மாதம் கூட இருப்பார்கள்? வயல் இருக்கிறது, வேலை இருக்கிறது, மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தம் உறவினரின் சுகத்துக்காக ஏர்வாடிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சிலர், மற்றவர்களின் நோயாளிகளையும் மாதப் பணம் வாங்கிக்கொண்டு பார்க்கத் தொடங்கினார்கள். பெரும்பாலான விடுதிகள் இப்படித்தான் உருவாயின. அவை தனியார் விடுதிகள்; தர்கா நிர்வாகம் நடத்தியவை அல்ல. பகலில் நோயாளரை மரத்தில் கயிற்றால் கட்டுவார்கள். இரவில் கட்டிலோடு சங்கிலியால் பூட்டுவார்கள். பேயை ஓட்டுவதாகச் சொல்லிப் பிரம்பால் அடிப்பதும் நடந்தது. அனுப்பியவர்களில் சிலர் அடிக்கடி வந்து பார்த்தார்கள், சிலர் பணம் மட்டும் அனுப்பினார்கள், சிலர் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

மொய்தீன் பாதுஷா மனநல விடுதியும் அவற்றில் ஒன்று. அங்கே 45 பேரளவில் இருந்தார்கள். ஓலைக் கூரை போட்ட கொட்டகை. ஸுபஹுக்கு மக்கள் எழும் நேரத்தில் தீ பரவியது. சங்கிலி தளர்வாக இருந்த சிலர் தப்பினார்கள். மற்றவர்கள் பூட்டிய இடத்திலேயே எரிந்தார்கள். இறந்தவர்களில் 11 பேர் பெண்கள். உடல்களை அடையாளம் காண முடியவில்லை.

*

அதன்பின் அரசு அசைந்தது. ஒரே வாரத்தில், ஓகஸ்ட் 13ஆம் திகதி, இவ்வகை விடுதிகள் எல்லாம் மூடப்பட்டன. 500 பேருக்கு மேல் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். என். ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைந்தது. இவ்வகை விடுதி நடத்துவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், எல்லா நோயாளரின் சங்கிலியும் அவிழ்க்கப்படவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2007இல் நீதிமன்றம் ஒன்று விடுதி உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழு வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

இந்திய உச்ச நீதிமன்றமும் இதைத் தானாகவே வழக்காக எடுத்தது. தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேர் மரணம் என்பதே அந்த வழக்கின் பெயர். சட்டப் புத்தகங்களில் இன்றும் அது 25 என்றே நிற்கிறது. பிறகு இறந்த மூவரும் தலைப்பில் இடம்பெறவில்லை. 2002 பெப்ரவரி 5ஆம் திகதி நீதிமன்றம் பல கட்டளைகளைப் பிறப்பித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவுள்ள, பதிவில்லாத எல்லா மனநோயாளர் இல்லங்களையும் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு அரச மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும். சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்றும், நோயாளரைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அல்லாமல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்றும் கிராமங்கள்வரை மக்களுக்கு அறிவூட்ட வேண்டும்.

இவை நல்ல கட்டளைகள். ஆனால் அதற்கு முன்பு சட்டமே இருக்கவில்லை என்று எண்ணிவிடக்கூடாது. பழைய சட்டங்களைப் படித்தபோது என்னை உறுத்தியது இதுதான். வெள்ளைக்காரன் காலத்து 1912ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டத்தில் 'வருகையாளர்' என்ற ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் குறைந்தது மூன்று வருகையாளர் நியமிக்கப்பட வேண்டும். மாதம் ஒரு தடவையாவது அவர்களில் இருவராவது சேர்ந்து வந்து, காப்பகத்தின் ஒவ்வொரு பகுதியையும் பார்க்க வேண்டும். உள்ளே உள்ள ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அந்த மூன்றை ஐந்தாக உயர்த்தியது. மாதாந்தம் மூவராவது சேர்ந்து வரவேண்டும் என்றது. அனுமதிப்பத்திரம் இன்றி மனநல இல்லம் நடத்துவதையும் அது தடுத்தது.

அப்படியானால் ஏர்வாடிக்கு அந்த வருகையாளர் ஏன் வரவில்லை? காரணம் மிக எளியது. வருகையாளர் போக வேண்டியது அனுமதி பெற்ற மருத்துவமனைக்கு. ஏர்வாடி விடுதிகள் அனுமதியே பெறாதவை. ஆகவே கடதாசியில் அவை இல்லாத இடங்கள். இல்லாத இடத்துக்கு யார் போவார்? ஒழுங்காக நடக்கும் இடத்துக்குக் கண்காணிப்பு உண்டு, ஒழுங்கற்ற இடத்துக்கு அதுவும் இல்லை. ஒளித்து நடந்த காரியம் அல்ல இது. மரத்தில் கட்டப்பட்ட மனிதர்களை ஆயிரமாயிரம் யாத்திரிகர் கடந்து போனார்கள். கடந்தவர்களில் அதிகாரிகள் இருந்திருப்பார்கள், ஆலிம்கள் இருந்திருப்பார்கள், எழுதுகிறவர்களும் இருந்திருப்பார்கள். எல்லாரும் பார்த்தார்கள். விசாரிக்கும் பொறுப்பை மட்டும் யாரும் ஏற்கவில்லை.

*

நம் பேச்சுத் தமிழில் ஒரு சொல் உண்டு: நோய் விசாரிக்கப் போவது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து வருவதை நாம் அப்படிச் சொல்கிறோம். ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் அதுவும் ஒன்று என்று மத்ரஸாவில் ஓதியவர்கள் நாம். இதே 'விசாரி' என்ற வினைதான் நீதிமன்றத்தில் விசாரணையாகிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவது தற்செயல் என்று நான் நினைப்பதில்லை. போய்ப் பார்ப்பதும், கேள்வி கேட்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

மூவரை விட்டும் பேனை உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் பிரசித்தமானது. அந்த மூவரில் ஒருவர் புத்தி பேதலித்தவர். அவர் தெளியும்வரை அவர் மீது கேள்வி கணக்கு இல்லை. இதை நாம் பெரும்பாலும் அவருக்குத் தொழுகை கடமையில்லை என்ற சட்டமாக மட்டும் படித்துவிட்டு நகர்கிறோம். அவர்மீது கேள்வி இல்லை என்றால், அவரைப் பற்றிய கேள்வி யார்மீது வருகிறது என்று யோசிப்பதில்லை. ஸூரத்துன் னிஸாவின் 5ஆவது வசனம் அதற்கு வழிகாட்டுகிறது. தம் பொருளைத் தாமே நிர்வகிக்க இயலாதவர்களின் பொறுப்பை ஏற்றவர்கள், அதிலிருந்து அவர்களுக்கு உண்ணவும் உடுக்கவும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அவர்களிடம் நல்ல வார்த்தை பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சோற்றோடும் துணியோடும் பேச்சும் கடமையாகிறது.

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவத்தை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். அறிவில் ஏதோ குறை இருந்த ஒரு பெண் நபியவர்களிடம் வந்து, தனக்கு அவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். எந்தத் தெருவில் வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள், உன் தேவையை நிறைவேற்றித் தருகிறேன் என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொல்லி, அந்தப் பெண்ணோடு ஒரு பாதை ஓரமாகப் போய், அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நின்றார்கள். அவர் என்ன சொன்னார் என்று அறிவிப்பில் இல்லை. அது முக்கியமும் இல்லை. இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பின்னர் வந்த ஆட்சியாளரில் சிலர் இதை நிறுவனமாக்க முயன்றார்கள். உமையா கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக், குஷ்டரோகிகளுக்கு மானியம் ஏற்படுத்தி, நடக்க இயலாதவர்களுக்குப் பணியாளும் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டியும் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1284இல் கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் கட்டிய பீமாரிஸ்தான் என்ற மருத்துவமனை, ஆண் பெண், ஏழை செல்வர், ஊரார் வெளியார் என்ற பேதமின்றி எல்லாருக்கும் வக்பு செய்யப்பட்டது. மனநோயாளருக்குத் தனிப் பகுதி வைத்த மருத்துவமனைகள் நம் வரலாற்றில் பல. இவற்றை எடுத்துச் சொல்லிப் பெருமைப்படுவது நம் கட்டுரையாளர்களின் வழக்கம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

ஆனால் வரலாற்றை முழுதாகப் படித்தால் பெருமை மட்டும் மிஞ்சாது. அங்கேயும் சங்கிலி இருந்தது. 1184இல் டமஸ்கஸைப் பார்த்த ஸ்பானிய முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர், அங்குள்ள மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பித்தர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். கெய்ரோவில் அவர் பார்த்த மருத்துவமனையில் மனநோயாளரின் அறைகளுக்கு இரும்புக் கம்பி ஜன்னல்கள் இருந்தன. ஆனால் அங்கே இன்னொன்றையும் அவர் கவனித்தார். அவர்களின் நிலையைத் தினமும் வந்து பார்க்க ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். ஸுல்தான் ஸலாஹுத்தீனும் இவற்றையெல்லாம் கேட்டு விசாரித்துக்கொண்டே இருந்தார்.

அதற்கும் முன்னே நடந்த ஒரு கதையை எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். 9ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன், புஸ்தாத்தில் ஒரு மருத்துவமனை கட்டினார். கட்டியதோடு நிற்காமல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தானே வந்து மருந்துக் களஞ்சியத்தைப் பார்ப்பார், வைத்தியரைப் பார்ப்பார், நோயாளரையும் பூட்டி வைக்கப்பட்ட பித்தர்களையும் பார்ப்பார். ஒருநாள் விலங்கிடப்பட்ட ஒருவர் அவரைக் கூப்பிட்டு, தான் பைத்தியம் அல்லவென்றும், பெரிய மாதுளம்பழம் ஒன்று சாப்பிட ஆசையாக இருக்கிறது என்றும் கேட்டார். அமீர் உடனே வரவழைத்துக் கொடுத்தார். அந்த மனிதர் பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, அமீரின் நெஞ்சைக் குறிபார்த்து எறிந்தார். உடை கறைபட்டது. அவரைக் கவனமாகக் காவல் செய்யும்படி கட்டளையிட்டுப் போனார் அமீர். அதன்பின் அந்த மருத்துவமனையை அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

இந்தக் கதையைப் பைத்தியத்தின் குணத்துக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எறிந்தவருக்கு ஒரு பழம்தான் இருந்தது. அவர் எதைச் சொல்ல விரும்பினாரோ அதை அதைக் கொண்டுதான் சொன்னார். அமீர் விசாரிக்க வேண்டிய நேரம் அதுதான். ஒரு கறைக்காக அவர் வருகையை நிறுத்தியபோது, நஷ்டம் எறிந்தவருக்கு மட்டுமா? எதையும் எறியாமல் அடுத்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்த மற்றவர்களுக்கும்தானே!

*

தர்காவா, ஆஸ்பத்திரியா என்ற சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் ரகுராம் என்ற மனநல வைத்தியரும் சகாக்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளரை அவர்கள் அவதானித்திருந்தார்கள். மருந்து எதுவும் கொடுக்கப்படாமலே, சராசரி ஆறு வாரங்களில் அவர்களின் நோய்க்குறிகள் ஓரளவு தணிந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான, நம்பிக்கை தரும் சூழலே காரணமாகலாம் என்பது ஆய்வாளரின் முடிவு. குடும்பத்தாரோடு தங்கி, கோயில் வேலையில் சேர்ந்துகொள்ளும் வாழ்க்கை அது. புனித இடம் ஒன்றில் மனிதராக மதிக்கப்படுவது மனத்துக்கு இதம் தரும் என்பதை அந்த ஆய்வு மறுக்கவில்லை. அதற்காக மருந்து வேண்டாம் என்றும் அது சொல்லவில்லை. பிற்பாடு ஏர்வாடியிலேயே தவாவும் துஆவும் என்ற திட்டம் வந்தது. தர்காவுக்கு வருகிறவர் துஆவும் கேட்கலாம், அங்கேயே மனநல வைத்தியரையும் காணலாம். குஜராத்தில் முன்பே செய்து பார்த்த வழி அது.

மறுபுறம், அரச கட்டடம் என்பதாலேயே ஓர் இடம் பாதுகாப்பாகிவிடுவதும் இல்லை. நம் நாட்டின் கதையைப் பார்ப்போம். ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தலையில் குஷ்டரோகிகளுக்கு மருத்துவமனை கட்டினார்கள். அங்கே போனவர்களில் பலர் மீண்டு வரவில்லை. அது வாழ்நாள் முழுவதற்குமான இடமாக இருந்தது. மனநோயாளருக்கான கட்டளைச் சட்டம் 1873இல் வந்தது. ஒருவர் சித்தசுவாதீனம் அற்றவரா என்று மாவட்ட நீதிமன்றம் தீர்மானிக்கும் முறையை அது வைத்தது. நூறு வருடங்களுக்கு மேல் அதுவே நம் அடிப்படைச் சட்டமாக இருந்தது. 1920களில் அங்கொடை எழுந்தது. 'அங்கொடைக்கு அனுப்பிவிடுவேன்' என்பது நம் பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சாகவே ஆனது. 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைதான் சிகிச்சையைக் கொழும்புக்கு வெளியே மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் பாதையை விரித்தது. என் சாச்சாவைப் போன்றவர்களுக்கு இது பெரிய காரியம்.

சட்டம் பிறந்ததும் சங்கிலி அறுந்துவிடவில்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தெளிவாகவே எழுதியது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2019 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்துப் பதாயூனில், சமய இடமொன்றை அண்டிய காப்பகத்தில் மனிதர்கள் சங்கிலியில் இருப்பதை உச்ச நீதிமன்றம் மீண்டும் விசாரிக்க நேர்ந்தது. ஏர்வாடிக்குப் பிறகு பதினேழு வருடங்களும் சில மாதங்களும் ஓடியிருந்தன.

*

இதை ஏன் மலைநாட்டிலிருந்து எழுதுகிறேன் என்று வாசகர் கேட்கலாம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட, லயன் காம்பராவில் தனித்துக் கிடக்கும் முதியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் சமூகத்திலும் அது வந்துவிட்டது. முன்பு முதியோர் இல்லம் என்ற சொல்லையே நாம் வெட்கத்தோடு சொன்னோம். இப்போது பல ஊர்களில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல மனதோடு, ஸக்காத் பணத்திலும் வெளிநாட்டு உதவியிலும் தொடங்கலாம் என்கிறார்கள். ஏர்வாடி விடுதிகளைத் தொடங்கியவர்களும் முதல் நாளில் கெட்ட மனதோடு தொடங்கியிருக்க மாட்டார்கள். நல்ல மனது போதாது என்பதுதான் அந்த 28 பேர் நமக்கு விட்டுப்போன பாடம்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதியோரைப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவு வேண்டும்; பதிவில்லாத இடம் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். ஆனால் பதிவுப் பத்திரம் சுவரில் தொங்குவதோடு வேலை முடியாது. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் சீர்கேடுகள் அம்பலமானபோது, 1972இல் சில மாநிலங்களில் ஒரு பரீட்சார்த்த ஏற்பாடு செய்தார்கள். இல்லத்தில் இருப்பவர் சார்பில் பேசுவதற்கென்றே ஒரு குறைகேள் அதிகாரி. இல்லத்துக்கு அல்ல, அரசுக்கும் அல்ல, உள்ளே இருப்பவருக்கே அவர் ஆள். 1978இல் அது எல்லா மாநிலங்களுக்கும் சட்டமாயிற்று. சாதாரண மக்களே பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து கேட்கிறார்கள். 1987இல் வந்த சட்டம், பணியாளரின் வசதிக்காகவோ தண்டனைக்காகவோ எவரையும் கட்டிப்போடக் கூடாது என்றது. அங்கேயும் குறைகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் யாரோ ஒருவர் வருவார் என்ற அச்சம் நடத்துபவருக்கும், யாரோ ஒருவர் வருவார் என்ற ஆறுதல் கட்டிலில் கிடப்பவருக்கும் உண்டு.

நம் பள்ளிவாசல் நிர்வாக சபைகள் இதைச் செய்யலாம். ஜனாஸாவுக்குக் குழு வைத்திருக்கிறோம், ஸக்காத்துக்குக் குழு வைத்திருக்கிறோம். நோய் விசாரிப்புக்கு ஒரு குழு வைக்க என்ன தடை? அதில் பெண்கள் இருக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே பெண்கள் இருக்கிறார்கள். இல்லத்தை நடத்துபவரின் உறவினர் இருக்கக்கூடாது. நம் ஜமாஅத்தின் இல்லத்துக்கு மட்டுமன்றி, பக்கத்தில் உள்ள எந்தச் சமூகத்தின் இல்லத்துக்கும் போக வேண்டும். ஏர்வாடிக் கொட்டகைகளில் எல்லாச் சமூகத்தாரும் ஒன்றாகத்தான் கட்டுண்டு கிடந்தார்கள். போகிறவர்கள் பிஸ்கட் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார்ந்து திரும்பி வரக்கூடாது. சொல்லாத நாளில் போக வேண்டும், இரவில் ஒரு முறையாவது போக வேண்டும். இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே? இரவில் யார் விழித்திருக்கிறார்? கதவு பூட்டப்படுகிறதா, திறப்பு யாரிடம்? இரண்டாவது வாசல் இருக்கிறதா? மருந்து யார் கொடுக்கிறார், எந்த வைத்தியர் எழுதியது? கடைசியாகச் சொந்தக்காரர் வந்தது எப்போது? இவ்வளவையும் கேட்ட பிறகு, நடத்துபவரை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலில் இருப்பவரிடமும் கேட்க வேண்டும். அவர் சொல்வது கோர்வையாக இல்லாமல் போகலாம். மாதுளம்பழம் ஒன்றை எறியவும் கூடும். அதற்காக அடுத்த வெள்ளிக்கிழமை போகாமல் இருக்கக்கூடாது.

மூத்தம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். சட்டமும் வரலாறும் அவருக்குத் தெரியாது. மகனைச் சங்கிலியில் கட்டியது தவறு என்று பின்னாளில் அழுதவர். ஆயினும் மண் சரிந்த இரவில் ரோட்டில் நின்ற அத்தனை பேரிலும், இன்னும் ஒருவர் வரவில்லை என்று எண்ணிப் பார்த்தவர் அவர்தான். அந்தத் திறப்பு இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. துருப்பிடித்துவிட்டது. பூட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.